பிளெக்ஸ் பேனரும் லாரி டியூபும்: நாகலாபுரம் மலையில் ஓர் இரவு (நிகழ்வு ஆய்வு)

சென்னையில் முதலுதவி வகுப்பு எடுக்கும் எனக்குக் கேட்கக் கிடைப்பவை பெரும்பாலும் சாலை விபத்துகள்தான். காட்டில் நடந்தவை அபூர்வம். நடந்தாலும் “கடவுள் காப்பாற்றினார்” என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். நாகலாபுரம் மலையில் ஓர் இரவு சிக்கிக்கொண்ட இந்த ஐவரும் அப்படி முடிக்கவில்லை. தனித்தனியாக உட்கார்ந்து, கைப்பேசிப் படங்களில் பதிவான நேரத்தோடு ஒப்பிட்டு, நடந்ததைச் சொன்னார்கள். அதனால் பகலில் நடந்தவை மிகத் தெளிவாக இருக்கின்றன. இருட்டிய பிறகு நடந்தவற்றுக்கு ஆளுக்கொரு நேரம் சொல்கிறார்கள். பெயர்களையும் அடையாளம் காட்டக்கூடிய விவரங்களையும் நீக்கிவிட்டேன்.

நடந்தது

நவம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை. பெரம்பூரிலிருந்து ஒரே காரில் ஐந்து பேர். மூத்தவருக்கு 41 வயது. மற்ற எல்லோருக்கும் அவர் ‘அண்ணா’. அவருடைய சொந்தத் தம்பி கல்லூரி மாணவன். மற்ற மூவரும் பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரே அலுவலகத்தில் வேலை செய்பவர்கள்: இரண்டு ஆண்கள், 29 வயதுப் பெண் ஒருவர். செங்குன்றம், பெரியபாளையம், ஊத்துக்கோட்டை வழியாக ஆந்திர எல்லையைத் தாண்டினால் நாகலாபுரம். மலையடிவாரத்திலிருந்து ஓடையைப் பிடித்துக்கொண்டே ஏறினால் பாறைகளுக்கிடையே ஆழமான மடுக்கள் அடுத்தடுத்து வரும். சென்னைக்காரர்களுக்கு வெகுநாளாகப் பழக்கமான இடம். நீந்தத் தெரியாமல் அந்த மடுக்களில் இறங்கி உயிரை விட்டவர்களும் உண்டு என்பதால் ஐவரில் இருவர் கரையை விட்டு இறங்குவதில்லை என்று முன்பே முடிவு செய்திருந்தார்கள். நல்ல முடிவு. ஆனால் அன்றைய ஆபத்து மடுவில் இல்லை.

காலை 8.30 மணிக்கு நடக்கத் தொடங்கினார்கள். இரண்டாவது மடுவரை போய், மூன்று மணிக்குள் காருக்குத் திரும்புவது திட்டம். இரண்டாவது மடுவை 11 மணிக்கே அடைந்துவிட்டதால் “இன்னும் கொஞ்சம்” என்று மேலே போனார்கள். திரும்ப இறங்கத் தொடங்கியபோது 2.15. பாசி படிந்த பாறையில் அந்தப் பெண் வழுக்கி விழுந்தது 3.20க்கு. வலது கணுக்கால் பத்து நிமிடத்தில் வீங்கிவிட்டது. இருவர் தோளில் தாங்கிக்கொண்டு நகர்ந்ததில் அடுத்த ஒரு மணி நேரத்தில் கடந்த தூரம், காலையில் பதினைந்து நிமிடத்தில் ஏறிய தூரம்தான்.

அவர்கள் இருந்த இடத்தில் சொட்டு மழை இல்லை. மேலே இடி மட்டும் கேட்டது. 4.30 வாக்கில் காலையில் கணுக்கால் நனையக் கடந்த ஒரு துறைக்கு வந்து சேர்ந்தார்கள். தண்ணீர் கலங்கி, தேநீர் நிறத்தில், சுள்ளியும் சருகும் சுமந்து முழங்காலுக்கு மேல் ஓடிக்கொண்டிருந்தது. இரவை அந்தக் கரையிலேயே கழித்தார்கள். மறுநாள் காலை 6.30க்குப் பிறகு, கீழே இருக்கும் ஊரைச் சேர்ந்த இளைஞர்கள் மூவர் காவலர்களோடு வந்து கண்டுபிடித்தார்கள். அப்போது ஓடையில் மறுபடியும் கணுக்காலளவுத் தண்ணீர்தான்.

யாரும் இறக்கவில்லை. அந்தப் பெண்ணுக்குக் கணுக்காலின் வெளிப்பக்க எலும்பு முறிந்திருந்தது. தம்பிக்கு உள்ளங்கையில் ஆழமான வெட்டு. மற்றவர்களுக்குச் சளியும் சிராய்ப்பும்.

பைகளில் இருந்தவை

கேட்டதும் சிரித்துக்கொண்டே பட்டியல் போட்டார்கள். எலுமிச்சைச் சோறு, தயிர்ச்சோறு, சிப்ஸ், ஐந்து பேருக்குமாக ஏழு லிட்டர் தண்ணீர், துண்டுகள், மாற்றுடை (அதைக் காரிலேயே விட்டுவிட்டார்கள்), செல்ஃபி ஸ்டிக், புளூடூத் ஸ்பீக்கர், பவர் பேங்க் மூன்று, தலைவலித் தைலம், ஒரு லைட்டர். டார்ச் இல்லை. விசில் இல்லை. கட்டுத்துணி இல்லை. ஐந்து பைகளும் பகலை நம்பிக் கட்டியவை. உட்கார்ந்து சாப்பிட என்று உறவினர் வீட்டு விழாவுக்கு அடித்த பழைய பிளெக்ஸ் பேனர் ஒன்றை மடித்து எடுத்து வந்திருந்தார்கள். நீராடும்போது பிடித்துக்கொள்ள ஒரு லாரி டியூபும் இருந்தது.

இந்தக் கடைசி இரண்டும்தான் இரவைத் தாங்கின. அதற்குப் பிறகு வருகிறேன்.

ஐந்து மணி

இந்த நிகழ்வில் எல்லாம் திரும்பிய இடம் 4.30க்கும் 5.15க்கும் இடைப்பட்ட முக்கால் மணி நேரம். நவம்பரில் இந்தப் பக்கம் சூரியன் மறைவது 5.40 வாக்கில், பள்ளத்தாக்குக்குள் அதற்கு முன்பே இருள் இறங்கிவிடும். அலுவலக நண்பர்கள் இருவரும் கடந்துவிடலாம் என்றார்கள். “கைகோத்துக்கொண்டு போனால் பத்தடிதான் அண்ணா. இன்னும் அரை மணி நேரத்தில் இருட்டிவிடும், அப்புறம் எதுவும் செய்ய முடியாது.” மூத்தவர் மறுத்தார். அவர் சொன்ன காரணம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது: “அடி தெரியவில்லை. காலையில் தெரிந்தது.”

தண்ணீரின் ஆழத்தைவிட வேகமும் கலங்கலும் முக்கியம். முழங்காலளவு வேகநீரே வளர்ந்த ஆளைத் தள்ளிவிடும். தள்ளிய பிறகு பாறை இடுக்கில் கால் சிக்கினால், இடுப்பளவுகூட இல்லாத தண்ணீரில் தலை மேலே வராது. ஓடையின் நிறம் திடீரென மாறுவது, சருகும் சுள்ளியும் மிதந்து வருவது, இரைச்சல் கனப்பது: மூன்றுமே மேலே பெய்த மழை இன்னும் முழுதாக வந்து சேரவில்லை என்பதற்கான அறிகுறிகள். இங்கே மூன்றும் இருந்தன. சிறிய மலையோடைகளுக்கு ஒரு நல்ல குணமும் உண்டு. அவை சீக்கிரம் ஏறுவதுபோலச் சீக்கிரம் வடியவும் செய்யும். மழை நின்றால் சில மணி நேரம் போதும். பொறுத்திருந்தால் தீரும் ஆபத்துக்குள் இறங்கிப் போக வேண்டிய தேவையே இல்லை.

நான் பார்த்தவரை நம்மவர்களைக் காட்டில் சிக்கவைப்பது “எப்படியாவது இன்று வீட்டுக்குப் போய்விட வேண்டும்” என்ற அவசரம். மறுநாள் திங்கட்கிழமை, வேலை நாள். தங்குவது என்ற முடிவை வெளிச்சம் இருக்கும்போதே எடுத்தால் இடம் பார்க்கலாம், சுள்ளி ஒதுக்கலாம், காயத்தைக் கவனிக்கலாம். இருட்டிய பிறகு எடுத்தால் நின்ற இடத்திலேயே உட்காருவதுதான் நடக்கும். இவர்களுக்கு இருபது நிமிட வெளிச்சம் மிச்சம் கிடைத்தது. அந்த இருபது நிமிடத்துக்காகவே இந்த நிகழ்வை எழுதுகிறேன்.

தட்டைப்பாறையும் பிளாஸ்டிக் கோப்பையும்

தங்குவது என்று முடிவானதும் எல்லோரும் ஓடையோரத்தில் இருந்த அகலமான தட்டைப்பாறையில் உட்கார்ந்தார்கள். மேலே மரத்தடியில் சருகு மண்டிக் கிடந்தது. பாம்பு இருக்கும் என்று பயம். பாறை சுத்தமாக இருந்தது, கால் நீட்டலாம், வானம் தெரிந்தது.

அடிபட்ட பெண் மல்லாந்து படுத்திருந்தார். அவர் கண்ணில்தான் அது பட்டது. தலைக்கு மேலே, ஆள் எட்டாத உயரத்தில், புதரின் கிளைகளில் வைக்கோல்போல் காய்ந்த சருகுக் கற்றைகள், அவற்றுக்கு நடுவே நசுங்கிய பிளாஸ்டிக் கோப்பை ஒன்று. “அண்ணா, அந்தக் கோப்பையை அங்கே யார் வைத்தது?” என்று கேட்டாராம். யாரும் வைக்கவில்லை. முன்பு எப்போதோ வந்த வெள்ளம் அந்த உயரத்துக்கு வந்து, தான் சுமந்து வந்ததைக் கிளையில் மாட்டிவிட்டுப் போயிருக்கிறது. பாறை அவ்வளவு சுத்தமாக இருந்ததற்கும் அதுவே காரணம். ஓடை அவ்வப்போது கழுவி விடுகிறது.

டியூபின் மேல் அவரை உட்காரவைத்து, நால்வரும் தூக்கி, கோப்பை இருந்த மட்டத்துக்கும் மேலே மரங்களுக்கிடையே ஒரு மேட்டுக்குக் கொண்டுபோனார்கள். ஏழு மணிக்குப் பிறகு தட்டைப்பாறை கண்ணில் படவில்லை; கைப்பேசி வெளிச்சத்தை அடித்துப் பார்த்தால் அந்த இடத்தில் தண்ணீர்தான் ஓடியது.

பாம்பு பயம் நியாயமானதுதான், அது தேர்ந்தெடுத்த இடம்தான் தவறு. சருகைக் குச்சியால் தட்டி ஒதுக்கி, வெறும் தரை தெரியும்படி செய்து, வெளிச்சம் அடித்துப் பார்த்து உட்கார்ந்தால் பெரும்பாலும் போதும். கடித்துவிட்டால் ஓடாமல், கடிபட்ட உறுப்பை அசைக்காமல் சிம்பு (அசையாமல் தாங்கும் குச்சி) வைத்துக் கட்டி, நச்சுமுறி மருந்து உள்ள மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்ல வேண்டும். கயிற்றால் இறுக்குவதும் கீறுவதும் உறிஞ்சுவதும் கூடாது. அந்த மருந்துக்குத் தேவையான நஞ்சை எடுத்துத் தருபவர்கள் நம் வடநெம்மேலியில்தான் இருக்கிறார்கள்: 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கையும் நேரில் பார்த்து அடையாளம் பழகிக்கொள்ளச் சென்னைக்காரர்களுக்கு அது நல்ல இடம். மலைக்குப் போகிறவர்கள் ஒருமுறை அங்கே போய் வரலாம்.

குளிர்

“நம் ஊரில் என்ன குளிர்?” என்று வகுப்பில் ஒருவராவது கேட்பார். வெப்பமானியில் 20 பாகை காட்டினாலும், நனைந்த பருத்திச் சட்டையோடு காற்றில் உட்கார்ந்திருப்பவர் குளிரால் விறைக்க முடியும். தண்ணீர், காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக உடல் வெப்பத்தை இழுக்கும். ஈரத் துணி உடம்போடு ஒட்டிய தண்ணீர்தான். இரவு எட்டு மணிக்குப் பிறகு அவர்கள் இருந்த இடத்திலும் மழை பிடித்துக்கொண்டது.

பிளெக்ஸ் பேனரை இரண்டு கிளைகளுக்கு மேலே போட்டு, காற்று வரும் பக்கம் தரைவரை தாழ்த்தி, ஓரத்தில் கல் வைத்தார்கள். நுனிகளைக் கட்டக் கயிறு இல்லாததால் இரண்டு பேரின் காலணிக் கயிறுகள் போயின. ஐந்து பேரும் ஒரே கூரைக்குள் நெருங்கி உட்கார்ந்தார்கள். தரையிலிருந்து ஏறும் ஈரமும் குளிரும் பலருக்கு நினைவுக்கே வராது. மேலே எவ்வளவு போர்த்தினாலும் ஈர மண்ணில் உட்கார்ந்தால் உடல் வெப்பம் கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். காற்று நிரப்பிய டியூப் தரைக்கும் உடம்புக்கும் நடுவில் நல்ல தடுப்பாக இருந்தது. அடிபட்டவரை அதில் உட்காரவைத்தார்கள். மற்றவர்களுக்குக் காலிப் பைகளும் சருகும்.

தம்பிதான் அதிகம் நடுங்கினான். அவன் மட்டும் முழுக்க நனைந்திருந்தான். அண்ணன் அவன் சட்டையைக் கழற்றி, இருந்ததில் காய்ந்த துண்டைச் சுற்றி, நடுவில் உட்காரவைத்தார். நடுங்குவது உடம்பு இன்னும் போராடுகிறது என்பதற்கு அடையாளம். குளிர் விடாமலேயே நடுக்கம் நின்று, பேச்சு குழறி, கை தடுமாறத் தொடங்கினால் உடலின் உள்வெப்பம் 35 பாகைக்குக் கீழே நன்றாக இறங்கிவிட்டது என்று கொள்ள வேண்டும். அந்தக் கட்டத்துக்கு அவன் போகவில்லை.

தனியாகப் போனவன்

அவன் நனைந்த கதை தனி. 5.30க்கு, சிக்னல் கிடைக்குமா என்று பார்க்க, ஒரு பவர் பேங்க்கையும் கைப்பேசியையும் எடுத்துக்கொண்டு தனியாக மேட்டின் உச்சிக்கு ஏறினான். செய்தி போயிற்று. இறங்கும்போது இருட்டு. கைப்பேசி வெளிச்சத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறு கையால் பாறையைப் பற்றி இறங்கியதில் வழுக்கி, உள்ளங்கை கிழிந்து, ஒரு குழியில் தேங்கிய தண்ணீரில் விழுந்தான். நெற்றியில் மாட்டும் டார்ச்சின் பயன் இதுதான்: இரண்டு கையும் சும்மா இருக்கும்.

அவன் போனது சரியா தவறா என்பதில் ஐவருக்குள்ளேயே இன்றும் ஒற்றுமை இல்லை. அந்தச் செய்தி போகாவிட்டால் மறுநாள் நண்பகல்வரைகூட யாரும் வந்திருக்க மாட்டார்கள் என்கிறார் அண்ணன். அவன் கால் முறிந்து மேலே கிடந்திருந்தால் இரண்டு இடத்தில் இரண்டு நோயாளிகள் என்கிறார் அடிபட்ட பெண். நான் அவர் பக்கம். ஒரு மணி நேரம் முன்னதாக, வெளிச்சத்தில், இருவராகப் போயிருக்கலாம். கால் முறிந்தவரோடு இரண்டு பேர் மிச்சம் இருந்திருப்பார்கள்.

செய்தி என்ன சொன்னது என்பது இன்னொரு விஷயம். “அண்ணி, நாங்கள் மாட்டிக்கொண்டோம். இரவு வர முடியாது. பயப்படாதீர்கள்.” அவ்வளவுதான். பெரம்பூரில் கைக்குழந்தையோடு இருந்த அண்ணி 6.50க்கு இதைப் படித்தார். அவருக்குத் தெரிந்தது ‘நாகலாபுரம்’ என்ற ஒரு சொல். எந்த வழியாக ஏறினார்கள், கார் எங்கே நிற்கிறது, யாருக்கு என்ன ஆயிற்று, எதுவும் தெரியாது. 112-ஐ அழைத்தார். இந்த எண் நாடு முழுவதற்கும் ஒன்றுதான் என்றாலும், சென்னையிலிருந்து அழைத்தால் தமிழ்நாட்டுக் கட்டுப்பாட்டு அறைக்குத்தான் போகும். இடமோ ஆந்திரத்தின் திருப்பதி மாவட்டம். தகவல் எல்லை தாண்டி, உரிய காவல் நிலையத்தை அடைந்து, மலையடிவாரத்தில் சென்னைப் பதிவெண் கொண்ட காரை யாரோ பார்த்துச் சொல்ல நள்ளிரவு தாண்டிவிட்டது. எந்த ஓடை என்பது அந்தக் காரை வைத்துத்தான் முடிவாயிற்று.

இணையம் இல்லாத இடத்திலும் கைப்பேசியின் ஜி.பி.எஸ். வேலை செய்யும், வரைபடச் செயலியில் நீலப்புள்ளியை அழுத்திப் பிடித்தால் அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள் வரும். அந்த எண்கள், எத்தனை பேர், யாருக்கு என்ன காயம், இங்கேயே தங்குகிறோமா நகர்கிறோமா என்பவற்றை ஒரே குறுஞ்செய்தியில் அடிக்கலாம். அழைப்பு போகாத இடத்தில் குறுஞ்செய்தி போய்விடுவதுண்டு. சிக்னலைத் தேடித் தேடியே பேட்டரி தீரும் என்பதால் அனுப்பிய பிறகு விமானப் பயன்முறையில் போட்டுவிட்டு, சொன்ன நேரத்துக்கு மட்டும் திறந்தால் போதும்.

கத்திக் கத்தி ஒன்பது மணிக்கெல்லாம் ஐவருக்கும் தொண்டை கட்டிவிட்டது. ஓடை இரைச்சலில் மனிதக் குரல் கரைந்துவிடும். விசிலின் கீச்சொலி தனியாகக் கேட்கும், இரவெல்லாம் ஊதலாம். மூன்று முறை ஊதி, சற்று நிறுத்தி, மறுபடி மூன்று. உதவிக்கான குறி என்று மலையேறுபவர்களுக்குத் தெரியும். தெரியாத ஊர்க்காரருக்கும் விளையாட்டாக யாரும் அப்படி ஊதமாட்டார்கள் என்று புரியும்.

கால்

விழுந்தவுடன் நண்பர் ஒருவர் தைலத்தைத் தேய்த்து, “சுளுக்குதான், வழித்துவிட்டால் சரியாகிவிடும்” என்று பாதத்தைப் பிடித்து இழுக்கப் பார்த்திருக்கிறார். அந்தப் பெண் போட்ட சத்தத்தில் நிறுத்திவிட்டார், நல்லவேளை. நான்கு அடி எடுத்துவைக்க முடியவில்லை, அல்லது கணுக்கால் மொட்டின் பின்விளிம்பில் எலும்பை அழுத்தினால் உயிர் போகிறது என்றால் எக்ஸ்ரே எடுக்கும்வரை முறிவு என்றே நடத்த வேண்டும். காலணியைக் கழற்றாமல், துண்டை மடித்து இருபுறமும் வைத்து, துப்பட்டாவால் எட்டு வடிவில் கட்டி, உயர்த்தி வைத்தார்கள். பாத விரல்களில் உணர்வும் சூடும் இருக்கிறதா என்று அடிக்கடி தொட்டுப் பார்த்ததாக அவரே சொன்னார்.

தீ, தண்ணீர், சோறு

தீ மூட்ட முக்கால் மணி நேரம் போயிற்று. ஈர விறகு, காற்று, லைட்டரில் வாயு தீர்ந்ததுதான் மிச்சம். காப்புக்காட்டில் தீ மூட்டுவது குற்றம் என்பது ஒரு பக்கம். கோடையில் அது என்ன செய்யும் என்பதை 2018 மார்ச் 11 அன்று குரங்கணியில் பார்த்தோம். அந்தக் காட்டுத்தீயில் இறந்த மலையேற்றக்காரர்கள் இருபதுக்கும் மேல். நம் நிலத்தில் கூரையும் காய்ந்த துணியும் இருந்தால் தீயில்லாமல் இரவைக் கடத்திவிடலாம்.

மிச்சம் இருந்த இரண்டரை லிட்டர் தண்ணீரை மூடியளவு மூடியளவாகக் குடித்தார்கள். தேவையில்லை. ஓர் இரவுக்கு அது தாராளம். தாகம் எடுத்தால் குடித்துவிட வேண்டும். கலங்கல் நீரைத்தான் நம்ப வேண்டும் என்றால் தெளியவிட்டுத் துணியில் வடிகட்டிய பிறகே குளோரின் மாத்திரை போட வேண்டும், அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். சேறோடு இருக்கும் தண்ணீரில் குளோரின் சரியாக வேலை செய்யாது. எலுமிச்சைச் சோறு ஒன்பது மணிக்குத் தீர்ந்தது. அது மனதுக்குத் தெம்பு.

மூச்சில்லாமல் மூன்று நிமிடம், கடும் வானிலையில் ஒதுங்கிடம் இல்லாமல் மூன்று மணி நேரம், தண்ணீர் இல்லாமல் மூன்று நாள், உணவில்லாமல் மூன்று வாரம் என்று ஒரு கணக்கு சொல்வார்கள். வரிசையை நினைவில் வைக்க நல்லது, எண்களை அப்படியே நம்பக் கூடாது. இதே ஐவர் மே மாதம் சிக்கியிருந்தால் கதை வேறு. 2003 மே மாதம் நுங்கம்பாக்கத்தில் 45 பாகை பதிவான ஊர் இது. அந்த வெயிலில் ஏறுகிறவர் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் வியர்வை இழக்கலாம். மூன்று நாள் எல்லாம் தாங்காது. அப்போது நிழல்தான் ஒதுங்கிடம், நகராமல் இருப்பதே தண்ணீர்ச் சேமிப்பு. உடம்பு கொதித்து, பேச்சில் குழப்பம் வந்துவிட்டால் வெப்பவாதம். உடனே நனைத்து, விசிறி, குளிர்விக்க வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

பை, காகிதம்

அமெரிக்காவின் சியாட்டில் நகர மலையேற்றச் சங்கம் ஒன்று 1930களில் ‘பத்து அத்தியாவசியங்கள்’ என்று ஒரு பட்டியலைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தது. பனிமலைக்காரர்களின் பட்டியல் அது. சென்னையிலிருந்து ஒருநாள் நடைக்குப் போகிறவருக்கு நான் சொல்வது சிறியது. விசில், பையில் போடாமல் கழுத்தில். நெற்றி டார்ச், மாற்று பேட்டரியோடு. ஆறடிக்கு எட்டடி தார்ப்பாய், அல்லது வீட்டில் கிடக்கும் பிளெக்ஸ். கூடவே கொஞ்சம் நைலான் கயிறு. பெரிய குப்பைப் பைகள் இரண்டு. தலைக்கு ஓட்டை போட்டால் மழைச்சட்டை, சருகு நிரப்பினால் மெத்தை. பாலித்தீன் உறையில் இறுகக் கட்டிய ஒரு பாலியெஸ்டர் பனியன். கிரேப் பேண்டேஜ், ஓ.ஆர்.எஸ். பொட்டலம் (ஒரு லிட்டர் பொட்டலமா 200 மில்லி பொட்டலமா என்று பார்த்துக் கலக்க வேண்டும்), குளோரின் மாத்திரை, சின்னக் கத்தி. எல்லாம் சேர்ந்து அந்த ஸ்பீக்கரின் எடையைவிடக் கொஞ்சம்தான் கூடுதல்.

அனுமதி பற்றியும் ஒரு சொல். இவர்கள் யாரிடமும் சொல்லாமல் ஏறியவர்கள். வனத்துறை அனுமதியை நம்மவர்கள் கெடுபிடி என்று பார்க்கிறார்கள். உள்ளே போனவர்களின் தலைக்கணக்கு வெளியில் ஒருவரிடம் இருக்கிறது என்பதே அதன் பெரிய பயன். குரங்கணிக்குப் பிறகு 2018-இலேயே தமிழ்நாடு மலையேற்ற ஒழுங்குமுறை விதிகளைக் கொண்டுவந்தது. 2024 அக்டோபர் முதல் 40 பாதைகளுக்கு இணையத்தில் முன்பதிவு செய்து வழிகாட்டியோடு போக முடிகிறது. எல்லைக்கு அப்பால் போகிறவர்கள் அங்குள்ள வனத்துறையைக் கேட்க வேண்டும்.

அண்ணியிடம் கடைசியாகப் பேசினேன். இப்போது அந்த வீட்டில் யார் வெளியே கிளம்பினாலும் அவர் ஒரு காகிதம் கேட்கிறார்: ஏறும் ஊர், கார் நிறுத்தும் இடம், காரின் எண், எல்லோருடைய கைப்பேசி எண்களும் அவர்கள் வீட்டு எண்களும், அந்தப் பகுதிக் காவல் நிலையத்தின் எண், கீழே இரண்டு நேரம். முதல் நேரம் தாண்டினால் அவர் அழைப்பார். இரண்டாவது தாண்டினால் யாரையும் கேட்காமல் காவல் நிலையத்துக்குச் சொல்லிவிடுவார். இரண்டுக்கும் இடையே மூன்று மணி நேரம் விடச் சொல்கிறார் கணவர். அண்ணி இரண்டு என்கிறார். இருட்டுவதற்கு முன்பே இரண்டாவது நேரம் வந்துவிட வேண்டும் என்பது அவர் கணக்கு, எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது.